120 பிக்சலில் உங்கள் கேம் தெரிகிறதா?

பெரிய நிறுவனம் இல்லாமல் சொந்தமாக இன்டி கேம் செய்பவர்கள், ஆன்லைன் கடையில் கேமின் முகமாக நிற்கும் ஸ்டோர் படத்துக்காக என்னிடம் வரும்போது பெரும்பாலும் கேம் முடியும் கட்டத்தில் இருக்கும், கையிருப்பும் கரைந்திருக்கும். "நல்ல சினிமா போஸ்டர் மாதிரி ஒன்று போட்டுக் கொடுங்க" என்பார்கள். சுவரில் ஒட்டும் போஸ்டருக்கு இடப் பஞ்சம் கிடையாது. கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் தேடுகிறவர் உங்கள் படத்தை முதலில் பார்ப்பதோ கட்டைவிரல் நகம் அளவில், மேலும் கீழும் பத்துப் பதினைந்து கேம்களுக்கு நடுவில்.

ஸ்டீம் இந்தப் படங்களை கேப்சூல் என்கிறது. 2024-இல் அளவுகளைப் பெரிதாக்கினார்கள். இப்போது சின்ன கேப்சூல் 462×174 பிக்சல், பக்கத்தின் மேலே வரும் ஹெடர் 920×430, முகப்பில் சுழலும் மெயின் கேப்சூல் 1232×706, நெட்டுக்குத்தான வெர்ட்டிகல் கேப்சூல் 748×896. எண்களைப் பார்த்ததும் ஓவியருக்கு ஆசை பிறந்துவிடும். கோட்டை, டிராகன், பத்து வீரர்கள் என்று நிரப்பிவிடுவார். ஆனால் சின்ன கேப்சூலை ஸ்டீம் தானாகவே 184×69, 120×45 என்று சுருக்கிப் பல இடங்களில் போடுகிறது. அந்த 120 பிக்சலில் டிராகன் ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான். அதனால் நான் வேலையைத் தலைகீழாகத் தொடங்கச் சொல்வேன். முதலில் சின்னது, அதில் பெயரைப் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பெரியது. சின்ன கேப்சூலில் லோகோவே ஏறக்குறைய முழு இடத்தையும் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை.

ஒரு குழுவின் கேமை எடுத்துக்கொள்வோம். சரக்குக் கப்பலைக் கடற்கொள்ளையரிடம் சிக்காமல் கரை சேர்க்க வேண்டும். சீட்டுகளைச் சேர்த்து விளையாடும் டெக் பில்டிங் வகை. அவர்கள் கொண்டுவந்த படத்தில் கேப்டன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அஸ்தமனத்தைப் பார்த்து நிற்கிறார். ஓவியம் அருமை, வீட்டில் மாட்டி வைக்கலாம். ஆனால் பார்க்கிறவர் அதைக் கதை சொல்லும் சாகச கேம் என்றுதான் நினைப்பார். சீட்டு விளையாட்டைத் தேடுகிறவர் கடந்து போய்விடுவார். சாகசம் தேடி வாங்குபவர் சீட்டுகளைப் பார்த்ததும் திருப்பிக் கொடுப்பார். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. பத்து விமர்சனங்கள் சேர்ந்த பிறகுதான் பக்கத்தில் மதிப்பீடு தெரிய ஆரம்பிக்கும். அந்த முதல் பத்தில் நாலு பேர் ஏமாந்து வந்தவர்களாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்றியது இவ்வளவுதான். கேப்டனை நம் பக்கம் திருப்பினோம். கையில் விரித்த சீட்டுகள், அதில் ஒன்றின் ஓரம் தீப்பற்றி எரிகிறது. அஸ்தமனத்தின் ஆரஞ்சு போய்ப் பின்னணி ஒரே கருநீலம், அதன் மேல் வெளிர் மஞ்சள் லோகோ. முன்பிருந்த எழுத்துருவில் கயிறு, நங்கூரம் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்துவிட்டுத் தடித்த எழுத்தாக்கினோம். பிறகு ஸ்டீமில் டெக் பில்டிங் என்று தேடி, வந்த பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நடுவில் நம் படத்தை ஒட்டிப் பார்த்தோம். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. கறுப்பு வெள்ளையாக்கியும் பாருங்கள். அப்போதும் பெயர் தனித்துத் தெரிந்தால் சரி.

விதிகளையும் முதலிலேயே படித்துவிடுங்கள். 2022 செப்டம்பரிலிருந்து கேப்சூலில் கேமின் பெயரும் துணைத்தலைப்பும் தவிர வேறு எழுத்து வைக்கக் கூடாது. விருதுச் சின்னம், விமர்சன மதிப்பெண், தள்ளுபடி அறிவிப்பு எதுவும் ஆகாது. பெரிய அப்டேட் வந்தால் அதற்கென்று தற்காலிகப் படம் போடத் தனி வசதி இருக்கிறது. கூகுள் ப்ளேயில் கணக்கு வேறு: பெயருக்கு 30 எழுத்து, சுருக்கக் குறிப்புக்கு 80, பெயரில் "இலவசம்", "நம்பர் 1" என்றெல்லாம் சேர்க்க விடமாட்டார்கள்.

இனி எழுத்து. ஸ்டீமின் சுருக்கக் குறிப்புக்கு ஏறத்தாழ 300 எழுத்துதான் இடம். அதில் பாதியை "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த பேரரசு" தின்றுவிடுகிறது. உங்கள் பேரரசின் வரலாற்றில் உங்களுக்கு இருக்கும் அக்கறை வேறு யாருக்கும் இன்னும் வரவில்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'வின் ஸ்டோர் குறிப்பைப் பாருங்கள். கதை சொல்லும் சமையல் கேம் என்று எடுத்த எடுப்பிலேயே வகை வந்துவிடுகிறது. 1980-களில் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடியேறும் இந்திய அம்மாவாக விளையாடுகிறோம் என்று ஆள், இடம், காலம் எல்லாம் அதே வாக்கியத்தில். அடுத்ததில் நாம் என்ன செய்யப்போகிறோம் என்பது: சமைப்பது, தொலைந்த சமையல் குறிப்புகளை மீட்பது, பேசுவது. அன்பு, இழப்பு போன்ற பெரிய சொற்கள் கடைசியில்தான் வருகின்றன. நம் ஆட்கள் எழுதினால் அவற்றில்தான் ஆரம்பிப்பார்கள்.

கப்பல் கேமுக்கு நாங்கள் எழுதியதன் சாரம் இது: "கொள்ளையர் கடல் வழியாகச் சரக்குக் கப்பலை ஓட்டும் டெக் பில்டிங் கேம். ஏற்றும் ஒவ்வொரு சரக்கும் ஒரு சீட்டு. சரக்கு கூடக் கூட லாபம் ஏறும், கப்பல் மெதுவாகும்." கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் இந்த வகை கேம் ஆடுகிறவருக்கு மண்டையில் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். "முடிவற்ற சாகசம்", "தனித்துவமான அனுபவம்" போன்ற தொடர்களைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். எந்த கேமுக்கும் பொருந்துகிற வாக்கியம் உங்கள் கேமைப் பற்றி எதையும் சொல்லவில்லை. கேமின் வகையைச் சொல்லும் சிறு குறிச்சொற்களான டேக் போடும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். 20 வரை போடலாம் என்பதற்காகக் கூட்டம் வருமே என்று சம்பந்தமில்லாததைச் சேர்த்தால், சம்பந்தமில்லாத ஆட்களுக்குத்தான் ஸ்டீம் உங்களைக் காட்டும்.

ஸ்கிரீன்ஷாட் குறைந்தது ஐந்து வேண்டும், எல்லாம் உண்மையான ஆட்டத்திலிருந்து. கான்செப்ட் ஓவியம் கூடாது. அழகாக இருக்கிறது என்று மெனுவையும் பட்டன்களையும் மறைத்துவிட்டு எடுக்கிறார்கள். சீட்டு விளையாட்டில் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத்தான் ஆள் வருகிறார், அதை ஏன் மறைக்க வேண்டும்? ட்ரெய்லரில் ஸ்டுடியோ லோகோவைக் கடைசியில் போடுங்கள்.

ஓவியரிடம் வேலை கொடுப்பவர்களுக்கு ஒன்று. "ஒரு கேப்சூல் படம்" என்று மட்டும் பேசி முடிக்காதீர்கள். கடைக்கான நாலு படங்கள் போக, வாங்கியவரின் கேம்கள் அடுக்கியிருக்கும் லைப்ரரிக்கு 600×900 படம் வேண்டும், அங்கே கேம் பக்கத்தின் மேலே அகலமாக வர 3840×1240-இல் எழுத்தே இல்லாத ஹீரோ படம் வேண்டும், லோகோ தனியாகப் பின்னணியில்லாத பிஎன்ஜியாக வேண்டும். அகலமாக வரைந்த படத்தை நெட்டுக்குத்தாக வெட்டினால் கேப்டனின் கை போய்விடும், கையோடு சீட்டும் போய்விடும். ஆகவே ஆள், சீட்டு, பின்னணி, லோகோ எல்லாம் தனித்தனி லேயராக இருக்கும் மூலக் கோப்பையும், விளம்பரத்தில் பயன்படுத்தும் உரிமையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அதற்குக் கூடுதல் பணம் கேட்டால் அது நியாயம்தான், கொடுங்கள். ஏஐயில் செய்து மிச்சம் பிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2024 ஜனவரியிலிருந்து கேமில் ஏஐ பயன்பாட்டை ஸ்டீமிடம் தெரிவிக்க வேண்டும், அது ஸ்டோர் பக்கத்திலும் தெரியும்.

படம் மாற்றிய பிறகு, கேம் செய்பவர்களுக்கான ஸ்டீமின் தளமான ஸ்டீம்வொர்க்ஸில் டிராஃபிக் கணக்கைப் பாருங்கள். எத்தனை தடவை காட்டப்பட்டது, அதில் எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள் என்று இருக்கும். ஒரே நாளில் கேப்சூலையும் குறிப்பையும் ட்ரெய்லரையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள். ஸ்டீமின் தள்ளுபடி விற்பனையான சம்மர் சேல் வாரத்தையோ, வரப்போகும் கேம்களின் டெமோக்களைக் காட்டும் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வாரத்தையோ சாதாரண வாரத்தோடு ஒப்பிடவும் வேண்டாம். அப்போது உங்கள் கேமைப் பார்ப்பது வேறு கூட்டம்.