குறட்டை விடுகிற பிள்ளை நன்றாகத் தூங்கவில்லை

"படுத்தா எந்திரிக்க மாட்டான் டாக்டர். குறட்டைச் சத்தம் வளவு முழுக்கக் கேக்கும். அம்புட்டு நல்ல தூக்கம்!"

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து அப்பத்தாக்கள் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். பிள்ளையைக் கூட்டிவந்த காரணம் வேறாக இருக்கும். இந்த வாரம் வந்த ஆறு வயதுப் பையன், வகுப்பில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று டீச்சர் சொன்னதால் காது பார்க்க வந்தவன். வாய் திறந்தபடி, கண்ணுக்குக் கீழே கருமை, மேல்வரிசைப் பல் முன்னால் தள்ளியிருக்கிறது. குறட்டை எத்தனை நாளாக என்று கேட்டால், "அது மூணு வருசமா இருக்கு, அதுக்கென்ன?"

அதுதான் விஷயமே. பிள்ளைகள் தூங்கும்போது மூச்சுச் சத்தம் பக்கத்தில் படுத்தவருக்கே கேட்கக் கூடாது. சளி பிடித்த நாலு நாள் குறட்டை விட்டால் கவலையில்லை. சளியில்லாத நாட்களிலும் வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை வந்தால் காட்ட வேண்டும். குறட்டை என்பது மூச்சு இடுக்கு வழியாகப் போகிற சத்தம். அந்தப் பிள்ளை இரவு முழுக்க மூச்சுக்காக உழைக்கிறது. அடைப்பு முற்றும்போதெல்லாம் மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்கிறது. காலையில் பிள்ளைக்கு அது எதுவும் நினைவிருக்காது. பெரியவர்கள் தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி விழுவார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அடம் பிடிப்பார்கள், ஓர் இடத்தில் உட்கார மாட்டார்கள், பாடத்தில் மனம் நிற்காது. நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்கும். எடை ஏறாது. "சேட்டை ஜாஸ்தி" என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு வேண்டியது நிம்மதியான ராத்தூக்கம். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகும், "அவுக ஐயாவும் இப்படித்தான் குறட்டை விடுவாக, பரம்பரை" என்று பதில் வரும். ஐயாவுக்கும் அது நல்லதில்லை ஆச்சி. அவரையும் கூட்டிவாருங்கள்.

காரணம் பெரும்பாலும் அடினாய்டு. மூக்குக்குப் பின்னால், உள்நாக்குக்கு மேலே, தொண்டையின் கூரையில் இருக்கிற சதை. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தெரியாது. தெரிவது டான்சில், அது வேறு. அடினாய்டு காதுக்குப் போகும் குழலையும் அடைத்தால் அங்கே நீர் கோத்துக் காது மந்தமாகும். 1868-ல் கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் இதை விவரித்து எழுதினார். நம் ஊரில் இன்னும் எல்லாமே "மூக்குச் சதை"தான். மூக்கின் பக்கச் சுவரில் எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கும் மடிப்பு ஒன்று, திராட்சை போல் தொங்கும் பாலிப் ஒன்று, அடினாய்டு ஒன்று. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மருந்து வைத்துச் சதையை எரிக்கிறேன் என்கிறவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். மூக்குத் துவாரம் வழியாக வைக்கிற காரம் அடினாய்டைத் தொடுவதே இல்லை. வெந்துபோவது பக்கச் சுவரும் நடுத்தண்டும். பிறகு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் தண்டில் ஓட்டை விழும். அதைச் சரிசெய்வது அடினாய்டை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆவி படிய வேண்டும். அடுத்து "மாமா" என்று சொல்லச் சொல்லுங்கள். "பாபா" என்பது போல் கேட்டால் மூக்கு வழி அடைத்திருக்கிறது. இரவில் ஒரு வீடியோ எடுங்கள். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள், சட்டையைக் கழற்றி, விளக்கைப் போட்டு, முகமும் நெஞ்சும் சேர்ந்து தெரிய இரண்டு நிமிடம். அந்த நேரத்தில்தான் கனவுத்தூக்கம் அதிகம், அடைப்பும் அதிகம். கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, நெஞ்சுக்குழி உள்ளே இழுப்பது, சத்தம் நின்று திடீரென்று திணறி மூச்செடுப்பது ஆகியவை அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்தால் எனக்கு எக்ஸ்ரேயைவிட உதவும்.

எக்ஸ்ரே பற்றி ஒரு வார்த்தை. பக்கவாட்டில், வாய் மூடி, மூக்கால் மூச்சு இழுக்கும்போது எடுத்தால்தான் பயன். அழுதுகொண்டோ விழுங்கிக்கொண்டோ இருக்கும்போது எடுத்த படத்தில் வழி அடைத்தது போலவே தெரியும். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, "கிரேடு நாலாம், உடனே ஆபரேஷனாம்" என்று அழுதபடி வருகிறார்கள். சதையின் அளவு மட்டும் கத்திக்குக் காரணமாகாது. பிள்ளை எப்படி மூச்சு விடுகிறது, எப்படிக் கேட்கிறது என்பதுதான் கணக்கு. மூக்கு வழியே விட்டுப் பார்க்கும் மெல்லிய எண்டோஸ்கோப்பும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரியும் அதிகம் சொல்லும்.

ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் அது அடினாய்டு இல்லை. புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே இருக்கும். பொம்மையின் பட்டன் பேட்டரி என்ற சந்தேகம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பையனுக்கு அடைப்போடு ரத்தமும் கொட்டினால் அதுவும் வேறு நோய்.

மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் அடினாய்டு இடத்தை அதிகம் அடைக்கும், பிறகு சுருங்கும். அதனால் லேசாக இருப்பவர்களுக்கு மருந்தும் பொறுமையும் போதும். கொதித்து ஆறிய 200 மில்லி நீரில் டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு உப்பு. அதை விட்டு மூக்கைச் சுத்தம் செய்து, பத்து நிமிடம் கழித்து, டாக்டர் எழுதியிருந்தால் மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். மூக்கில் அடிக்கிற அளவில் உடம்புக்குள் போவது மிகச் சொற்பம். பயன்படாமல் போவதற்குக் காரணம் அடிக்கிற விதம். பாட்டிலைக் குலுக்கி, பிள்ளையின் தலையைச் சற்றே குனியவைத்து, நுனியை அதே பக்கத்துக் காதை நோக்கித் திருப்பி அடிக்க வேண்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும். தலையை அண்ணாந்தால் மருந்து வயிற்றுக்குத்தான் போகும். நாலு நாளில் பலனைத் தேடாதீர்கள், ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மான்டெலுகாஸ்ட் மாத்திரையும் சிலருக்கு உதவும். கெட்ட கனவு, காரணமில்லாத அழுகை, கோபம் என்று மாற்றம் தெரிந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விடாதீர்கள், மூக்கு அதற்குப் பழகி முன்னைவிட அடைக்கும். எண்ணெய்க் குளியலன்று மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்துங்கள், நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. ஐஸ்கிரீமால் அடினாய்டு வளராது. சாம்பிராணிப் புகை, கொசுவத்திச் சுருள், பீடி சிகரெட் மூன்றும் மூக்கை வீங்கவைக்கும். கல்யாணத்துக்காகப் பல மாதம் பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் திறக்கிறீர்கள் என்றால், இரண்டு நாள் முன்பே ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட விடுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தையை எடுத்துத் தட்டிய கையோடு அதிலேயே பிள்ளைகளைப் படுக்கவைக்காதீர்கள்.

தூக்கத்தில் மூச்சு நின்றால், காதில் நீர் மூன்று மாதத்துக்கு மேல் நின்றால், மருந்துக்கு அசையாத அடைப்பு முகவாக்கையே மாற்றத் தொடங்கினால், அடினாய்டை எடுக்கும் அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள். முழு மயக்கத்தில், வாய் வழியாக, பெரும்பாலும் அரை மணி நேர வேலை. வெளியே தையல் கிடையாது. எதிர்ப்புச் சக்தி போய்விடாது, அந்த வேலைக்கு உடம்பில் வேறு இடங்கள் நிறைய உண்டு. உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லுங்கள். அது அண்ணத்தில் மறைந்த பிளவு இருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம். அப்படி இருந்தால், சதையை எடுத்தபின் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியே வரலாம். அஷ்டமி, நவமி பார்த்து நாள் குறியுங்கள், ஆட்சேபமில்லை. அந்த நாளில் காய்ச்சலும் இருமலும் இருந்தால் மட்டும் மறைக்காதீர்கள், மயக்க டாக்டர் ஒத்திவைப்பார். ஆறு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும். "வாடிப்போச்சே" என்று அப்பத்தா ரகசியமாகக் கொடுக்கும் அரை டம்ளர் பால்தான் எங்களுக்கு மிகப் பெரிய பயம்.

பிறகு ஒரு வாரம் இட்லி, இடியாப்பம், கும்மாயம் போன்றவை. முறுக்கும் சீடையும் அப்புறம். வலிக்குப் பாராசிட்டமால், எடை கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. பாட்டிலில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராமா 250-ஆ என்று படித்துவிட்டு ஊற்றுங்கள். ஆஸ்பிரின் வேண்டாம், கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேண்டாம். வாய்நாற்றமும் கொஞ்சநாள் குறட்டையும் இருக்கும், போய்விடும். புது ரத்தம் வந்தாலோ, பிள்ளை அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துத் திருப்ப முடியாமல் அழுதாலோ, அன்றைக்கே வந்துவிடுங்கள், ராத்திரி என்றாலும் சரி.