மாய வலியா, இல்லா உறுப்பு வலியா?

உக்ரைன் போரில் கால் இழந்த வீரர்களைப் பற்றிய செய்திகள் தமிழில் வர வர, 'மாய வலி' என்ற சொல்லும் கூடவே வருகிறது. சிலருக்கு அது 'பேய் வலி'. ஒரு காணொளியில் 'கற்பனை வலி' என்றே போட்டுவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வெறும் மெத்தை தெரியும் இடத்தைக் காட்டி, கட்டைவிரலை யாரோ முறுக்குவது போல இருக்கிறது என்று ஒருவர் பல்லைக் கடிக்கிறார். திரையின் அடியில் 'கற்பனை' என்று எழுத்து ஓடுகிறது.

இல்லாத கைகாலில் தெரியும் இந்த வலிக்கு ஆங்கில மூலச்சொல் 'ஃபேண்டம் லிம்ப் பெயின்'. லிம்ப் என்றால் கைகால் உறுப்பு, பெயின் என்றால் வலி. ஃபேண்டம் என்பது 'தோன்றச் செய்' என்ற பொருளுள்ள கிரேக்க வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். 'ஃபேண்டம் லிம்ப்' என்று பெயர் வைத்தவர் சைலஸ் வெயர் மிட்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவில் நரம்புக் காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவம் பார்த்தவர். போர் முடிந்த சில ஆண்டுகளில், 1871இல், இந்தப் பெயரை வைத்தார்.

'பேய்' கட்சிக்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள்: வெட்டிய கைகால்கள் ஆவிபோல வீரர்களைத் தொடர்ந்து வதைப்பதாக மிட்செலே எழுதவில்லையா? எழுதினார்தான். ஆனால் அவர் ஆவி என்றது கைகால்களை. வலியை அல்ல. நம் மொழிபெயர்ப்பாளர்கள் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். மூன்று சொல் தொடரில் நடுவிலிருக்கும் உறுப்பைத் தூக்கிவிட்டு, அதன் அடைமொழியை வலியின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்திலும் 'ஃபேண்டம் பெயின்' என்று சுருக்குகிறார்களே என்றால், அந்தச் சோம்பலை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

'மாயம் என்றால் மறைவதுதானே, மாணவி மாயம் என்று எழுதுகிறோமே' என்பார்கள். சரி, மாய உறுப்பு என்றால் மறைந்த உறுப்பு என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்கில் மாய வலி என்றால் மறைந்த வலி. மறைந்துபோன வலிக்கு எதற்கு மருந்து? மாயத்துக்கு வஞ்சனை, பொய் என்ற பொருள்களும் உண்டு. இந்தச் சொல்லைக் கேட்ட வீட்டுக்காரர்கள், 'மனசைத் திடமா வச்சுக்கோ, போயிடும்' என்றுதான் சொல்வார்கள். வெட்டுப்பட்ட நரம்பின் நுனியில் முடிச்சு விழுவது, அந்தக் காலுக்கென்று மூளையில் இருந்த இடம் சும்மா இருக்காதது, இதெல்லாம் மனத்திடத்துக்குக் கட்டுப்படுகிற சமாச்சாரமா?

'கற்பனை'க்குப் பதில் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையிலிருந்தே கிடைக்கிறது. தமிழரான வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த கண்ணாடி முறையை, கால் இழந்தவர்களிடம் அங்கே சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். கால்களுக்கு நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கிற காலின் பிம்பத்தைப் பார்த்தபடி இல்லாத காலையும் சேர்த்து அசைக்க முயல வேண்டும். தினம் 15 நிமிடம், 4 வாரம். அப்படிச் செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. கண்ணை மூடி, போன கால் அசைவதாகக் கற்பனை செய்யச் சொன்ன 6 பேரில் 4 பேருக்கு வலி கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் கற்பனையில் பிறந்த வலி கற்பனை செய்யச் செய்யவா கூடும்?

அப்புறம் என்னதான் சொல்வது? இல்லாத ஒருவர் கண்முன் இருப்பதுபோலத் தெரியும் தோற்றத்துக்கு 'உருவெளி' என்ற அழகான பழஞ்சொல் இருக்கிறது. கம்பனில் இராவணன் வெறுவெளியில் சீதையைக் கண்டு, 'நீ சொன்னவள் இவள்தானா?' என்று தங்கையைக் கேட்பான். சூர்ப்பணகைக்கோ அங்கே தெரிவது இராமன். அவரவர் ஏக்கம் அவரவர்க்கு. அழகுக்காக இதை எடுத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற உரு. கால் போனவர் குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உணர்ச்சி மட்டும் இருக்கும்.

'இழந்த உறுப்பு வலி' பரவாயில்லை. ஆனால் பிறவியிலேயே கையில்லாத சிலருக்கும் அந்தக் கை இருப்பதுபோன்ற உணர்வு உண்டு. அவர்கள் எதை இழந்தார்கள்? ஆகவே என் ஓட்டு 'இல்லா உறுப்பு வலி'க்கு. இல்லாதது உறுப்பு, இருப்பது வலி. வலிக்காமல் வெறுமனே அரிப்பதும் மடங்கியிருப்பதும் 'இல்லா உறுப்பு உணர்வு'. வெட்டிய இடத்திலேயே வலித்தால் அது வேறு. அதற்கு மருத்துவமும் வேறாகலாம் என்பதால், இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பக் கூடாது. செய்தியில் எழுத இதுவும் நீளம் என்றால் 'இல்லாத காலில் வலி' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஓர் 'இல்' உருபு போதும்.

மிட்செல் இன்னொரு பெயரையும் வழக்குக்குக் கொண்டுவந்தார், 'காசால்ஜியா'. கிரேக்கத்தில் எரிச்சலும் வலியும் சேர்ந்தது. உறுப்பு இருக்கும், காயம்பட்ட நரம்பு தீயாய் எரியும். ஈரத்துணியைக் கையிலிருந்து எடுக்க விடாத வீரர்களை அவர் பார்த்திருக்கிறார். அதற்கு 'எரிவலி' என்று நேராகச் சொல்லிவிடலாம். அதையும் யாராவது 'தீப்பேய் வலி' ஆக்குவதற்குள்.