கருத்துக்கேட்பு என்பது ஓட்டெடுப்பு இல்லை

"அதான் அனுமதி கொடுத்தாச்சே, இனி நாம சொல்லி என்ன ஆகப்போகுது?" சுற்றுச்சூழல் வழக்குகள் நடத்தும் எனக்கு, ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருமுன் ஊர்மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் பற்றிக் கடலோர ஊர்களில் இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. போன வாரம்கூட ஒரு மீனவர் சங்கத் தலைவர் இதைச் சொல்லிவிட்டு, எழுதிவந்த மனுவைக் கொடுக்காமலே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

எண்ணூரைப் பாருங்கள். அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கு 2009-லேயே அனுமதி கிடைத்தது. கட்டி முடிப்பதற்குள் அனுமதிக் காலம் தீர்ந்துபோக, மறுபடி அனுமதி கேட்க வேண்டி வந்தது; அதற்காக 2024 டிசம்பரில் எர்ணாவூரில் கருத்துக்கேட்பு நடந்தது. விரிவாக்கம் கேட்டு வருகிறவர், பழைய அனுமதியின் நிபந்தனைகளை எந்த அளவுக்கு நிறைவேற்றினார் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகம் அறிக்கை தர வேண்டும். பழைய கணக்கைக் கேட்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

அப்புறம், தலை எண்ணும் பழக்கம். லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்குகிறார்கள், இரண்டு தரப்பும்தான். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று, இந்தக் கூட்டங்களுக்கு விதி வகுக்கும் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் எங்கேயும் இல்லை. ஐந்நூறு பேர் "வேண்டாம்" என்று கத்தினால் பதிவில் ஏறுவது ஒரே வரி: 'பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.' ஒரே ஒரு அம்மா எழுந்து, "சாம்பல் குழாய் உடைஞ்சதிலேர்ந்து ரயில் பாலத்துக்கு மேற்கே கையால இறால் தடவ முடியலை, முழங்கால் வரைக்கும் சாம்பல்ல புதையுது" என்று சொல்லட்டும். அதற்கு நிறுவனம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். நாளை வழக்கு என்று வந்தால் எனக்குக் கைகொடுப்பதும் அந்த வரிதான்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வரும். அன்றே ஆட்சியர் அலுவலகத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ திட்டத்தின் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிவிடுங்கள். பழைய அனுமதிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று பாருங்கள். இடம், மாதம், வலை எல்லாம் குறிப்பிட்டு எழுதுங்கள். வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் அனுப்பலாம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் நகராதீர்கள்!

தயவுசெய்து பாதியில் எழுந்து போகாதீர்கள். பேசியதன் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில் தமிழில் படித்துக்காட்டி, அன்றே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அந்த நேரத்தில் பந்தலில் நாற்காலிகள்தான் இருக்கின்றன. நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால், ஆட்சியர் பேனாவை எடுக்கும் முன்பே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.