காயான்கேணிக் கடலில் இறங்க யாரிடம் துண்டு வாங்க வேண்டும்?

போன வருடம் வாகரைப் பக்கத்து மீனவர் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே அடையாள அட்டைப் பிரதி, படகுப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், இன்னும் நாலைந்து கடதாசிகள். ஓர் அலுவலகத்தில் "சரணாலயத்துக்குள் தொழில் செய்வதற்கு அனுமதி எடுத்து வா" என்றார்களாம். அடுத்த அலுவலகத்தில் "அப்படி ஒரு படிவமே எங்களிடம் இல்லை" என்றார்களாம். மூன்றாவதில், பொறுப்பான ஐயா லீவு, செவ்வாய்க்கிழமை வரட்டுமாம். நான்கு நாள் தொழில் போயிற்று. கடைசியில் வரைபடத்தைப் பார்த்தால், அவர் வலை வளைக்கும் பாடு சரணாலய எல்லைக்குள்ளேயே இல்லை.

இதை எழுத வைத்தது அந்தப் பொலித்தீன் பைதான்.

பின்னணி சுருக்கமானது. கரைக்கு மிக அருகில் முருகைக்கற்பாறைகள், அதாவது பவளப்பாறைகள், வளர்ந்திருக்கும் மட்டக்களப்பு மாவட்டத்தின் காயான்கேணிக் கடற்பகுதியை 2019இல் கடல் சரணாலயமாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. சட்டம், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்.

குழப்பம் 'சரணாலயம்' என்ற சொல்லிலேயே ஆரம்பிக்கிறது. தேசிய பூங்கா வேறு, சரணாலயம் வேறு. திருகோணமலையின் புறாத்தீவு தேசிய பூங்கா. அங்கே டிக்கெட் வாங்காமல் கால் வைக்க முடியாது. அம்பாறையின் குமண பூங்காவும் அப்படித்தான். சரணாலயத்துக்குள் நுழைவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உள்ளே என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் அது பார்க்கிறது: காட்டு விலங்கைக் கொல்வது, பிடிப்பது, முட்டை எடுப்பது, இனப்பெருக்க இடத்தில் தொந்தரவு செய்வது, பொறியோ வெடியோ கொண்டு போவது. ஆகவே கரையில் ஒருவர் நின்று "சரணாலயக் கட்டணம்" என்று கை நீட்டினால், அச்சடித்த இலக்கமுள்ள பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பிரதேச சபை வாகனத் தரிப்பிடத்துக்குக் காசு வாங்கலாம். அதற்கும் சிட்டை உண்டு. சிட்டை கிடையாது என்றால் காசும் கிடையாது.

இரண்டாவது பொறி மீனவருக்கு. சரணாலயம் வந்துவிட்டது, இனி வலையைச் சுருட்டுங்கள் என்று சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். கற்பிட்டிக் கடலின் பார் ரீஃப் என்ற முருகைக்கற்பாறைத் தொடர் 1992இலேயே சரணாலயமானது. அங்கே இன்றும் மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். ஆனால் வெடி, நஞ்சு, ஈட்டித் துப்பாக்கி, தங்கூசி வலை (ஒற்றை இழை நைலோன் வலை) ஆகியவற்றுக்குத் தடை இருப்பது சரணாலயத்துக்குள் மட்டுமல்ல, நாடு முழுவதும். அவற்றோடு பிடிபட்டுவிட்டு "எல்லைக்கு வெளியேதான் நின்றேன்" என்றால் எடுபடாது.

எல்லை என்கிறபோது: வர்த்தமானியில் அது எழுத்தில் இருக்கிறது, கடலில் கோடு இல்லை. ஆகவே யாரிடமும் வாய்மொழியாக எல்லை கேட்காதீர்கள். ஒருவர் அந்தப் பாறை வரை என்பார், இன்னொருவர் இந்தப் பனை வரை என்பார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம் போடுங்கள். இரண்டே கேள்விகள் போதும்: சரணாலயத்தின் எல்லை ஆள்கூறுகள் (அட்சரேகை, தீர்க்கரேகை இலக்கங்கள்) என்ன? என்னுடைய தொழில்முறைக்கு அனுமதி தேவை என்றால் எந்தச் சட்டப் பிரிவின் கீழ்? ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். கடிதம் கிடைத்ததற்கான எழுத்தை அன்றைக்கே வாங்குங்கள், இல்லாவிட்டால் "வந்து சேரவில்லை" என்ற பதில் தயாராக இருக்கும். 14 வேலை நாட்களுக்குள் தருகிறார்களா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு; அதற்கு 14 நாட்கள்தான் அவகாசம். இந்தத் தேதியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஆள்கூறு கையில் வந்ததும் படகிலுள்ள ஜிபிஎஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு பாறையும் பனையும் எதற்கு?

பதில் சிங்களத்தில் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பலாம். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்திலிருந்து வரும் கடிதமும் உங்களுக்குத் தமிழில் வர வேண்டும். அதைவிட முக்கியமானது வாக்குமூலம். படகை மறித்து, சிங்களத்தில் ஒரு பக்கம் எழுதி, "இதிலே ஒரு கையெழுத்து, அண்ணன், போய்விடலாம்" என்பார்கள். வாசிக்கத் தெரியாத கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். "எனக்கு விளங்கவில்லை, தமிழில் எழுதுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம். வழக்கு என்று வந்தால் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலும் இயங்குகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவருக்காகத்தான் அது இருக்கிறது.

இனி முருகைக்கல். இதில் அப்பாவிகளே அதிகம் மாட்டுகிறார்கள். பாசிக்குடாவிலோ காயான்கேணியிலோ பிள்ளைகள் கரையொதுங்கிய வெள்ளைத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போடுவார்கள். செத்த கல்தானே என்று பெற்றோரும் பேசாமல் இருப்பார்கள். கரையோரம் பேணல் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் உயிருள்ளது, செத்தது என்று பார்ப்பதில்லை. கரையோர வலயத்தில் முருகைக்கல்லைத் தோண்டுவது, சேகரிப்பது, வைத்திருப்பது, எரிப்பது, எந்த வடிவிலும் ஏற்றிப்போவது எல்லாமே குற்றம். வலயம் என்றால் சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், சராசரி தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர். இந்தத் தடை சரணாலயத்துக்கு வெளியிலும் செல்லுபடியாகும். ஒரு டிராக்டர் பழைய கல்லை வளவுக்கு இறக்கினால், அகப்படுவது சாரதியும் வளவுக்காரரும்; விற்றவனின் பெயர் எந்தக் கடதாசியிலும் இருக்காது.

கடலாமையும் அப்படியே. வலையில் உயிரோடு பட்டால் அந்த இடத்திலேயே வலையை அறுத்து ஆமையை விட்டுவிடுங்கள், வலை போனாலும் போகட்டும். செத்திருந்தால் கரைக்குக் கொண்டுவந்து புதைக்கிற நல்ல மனசுகூட வினையாகும். கையில் வைத்திருப்பதே குற்றம், முட்டைக்கும் அதே கதை. 1992 என்ற வனசீவராசிகள் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். எடுக்காவிட்டாலும் அழைத்த நேரம் தொலைபேசியில் பதிவாகியிருக்கும். அதை அழிக்காதீர்கள்.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும்போது சுற்றுலாப் பயணிகளை ஏற்றி நாலு காசு பார்க்கிற தம்பிமாருக்கு ஒன்று. உங்கள் படகுப் பதிவு மீன்பிடிக்கானது. பயணிகளை ஏற்ற அது போதாது. விபத்து நடந்த பிறகுதான் இது தெரியவரும், அப்போது காப்புறுதியும் கைகொடுக்காது. பாறையில் நங்கூரம் போடாதீர்கள், மணலில் போடுங்கள். வெள்ளைக்காரர் படம் எடுக்கப் பாறையில் ஏறி நின்றால் இறக்கிவிடுங்கள். அவர் விமானம் ஏறிவிடுவார். வழக்கு உங்கள் படகு இலக்கத்துக்குத்தான் வரும்.

அலுவலகத்துக்குப் போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். போன தேதி, பேசியவரின் பதவி, சொன்ன காரணம். முதலில் சொன்ன மீனவர் இப்போது அப்படித்தான் போகிறார். கொப்பியை விரித்ததும், பொறுப்பான ஐயாவின் லீவு இரண்டு தடவை முடிந்துபோனதாம்.