‘வெள்ளிக்கிழமை மட்டும்’ என்று எழுதிய சிஸ்டர்

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரு நாள்தான் போட வேண்டும். தெரியாமல் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் மளமளவென்று குறையும், உயிருக்கே ஆபத்தாக முடியலாம். பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிற தவறு இது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வயதான அம்மாவை மகன் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்குக் கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. மஞ்சப்பையில் இருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது நாளில் ஒன்பது மாத்திரை காலி. “பிரஷர் மாத்திரை மாதிரி தினம் ஒண்ணுன்னு நெனைச்சுட்டோம் சார்” என்றார் மகன். சீட்டில் வாரம் ஒருமுறை என்று ஆங்கிலத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தது. அதைப் படித்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. மாத்திரையை எடுத்துக் கொடுத்தது எங்கள் மருந்துக் கவுண்டர்தான். அதற்கு முறிமருந்தான ஃபோலினிக் அமில ஊசி போட்டு, வார்டில் வைத்துப் பார்த்ததில் அவர் பிழைத்துக்கொண்டார். அந்தச் சீட்டை நான் மறக்கவில்லை.

அந்த அம்மா வீட்டுக்குப் போகிற அன்று, டிஸ்சார்ஜ் பார்க்கும் சிஸ்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். “வெள்ளிக்கிழமை விளக்கேத்துவீங்களா ஆத்தா?” என்று கேட்டார். ஏற்றுவேன் என்றதும், மாத்திரைக் கவரின் மேல் தடித்த பேனாவால் எழுதினார்: ‘வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் ஒரு மாத்திரை. மற்ற நாள் தொடக்கூடாது.’ மகனிடம் வாசிக்கச் சொன்னார். அப்புறம், “இப்ப நீங்க சொல்லுங்க ஆத்தா, இதை எப்பப் போடுவீங்க?” என்றார். “வெள்ளிக்கிழமை விளக்கு வச்சுட்டு, சாப்பிட்டுட்டுப் போடுவேன் தாயி” என்று பதில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். திருப்பிச் சொல்லச் சொன்னால்தான் உண்மை தெரியும். மருத்துவத்தில் இது நன்கு அறியப்பட்ட முறை. ஆனால் அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தரவில்லை.

அதோடு அவர் நிற்கவில்லை. எங்கள் டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி இருந்தது: ‘அறுவை சிகிச்சை மேற்கொள்ளப்பட்ட பகுதியில் திரவக் கசிவு காணப்படின் உடனடியாக மருத்துவமனையை அணுகவும்.’ இலக்கணமெல்லாம் சரி. மேலூரிலிருந்து வந்த ஒருவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே, தையலில் சீழ் வடிந்து நாலு நாள் கழித்து வந்தார். சிஸ்டர் அதை இப்படி மாற்றினார்: ‘தையல் போட்ட இடத்தில் சீழோ தண்ணீரோ வந்தால் அன்றைக்கே வாருங்கள். மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.’

எதிர்ப்பு வராமல் இல்லை. தாளின் தரம் குறைகிறது என்றார்கள். சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தையும் சிஸ்டர் மாற்றப் போனபோது, நாளைக்கு வழக்கு வந்தால் என்ன செய்வது என்றார்கள். நோயாளியின் ஒப்புதல் பற்றிய சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தப் பயத்துக்கு நேர் எதிரானது. என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதெல்லாம் நோயாளிக்குத் தெரிந்து, அதன் பிறகு அவர் தருவதுதான் ஒப்புதல். புரியாத தாளில் வாங்கிய கைநாட்டு நமக்கும் பாதுகாப்பில்லை என்று நான் வாதாடினேன்.

எளிய மொழிக்கென்று இப்போது உலகத் தரநிலையே இருக்கிறது. 2023-ல் வந்த ஐ.எஸ்.ஓ 24495-1. படிப்பவருக்குத் தேவையானது அதில் கிடைக்க வேண்டும், கிடைத்தது புரிய வேண்டும், புரிந்ததை அவர் பயன்படுத்த முடிய வேண்டும் என்கிறது அது. பிரிட்டனில் கிரிஸ்ஸி மாஹர் என்ற பெண்மணி 1979-ல் லண்டன் பார்லிமென்ட் சதுக்கத்தில் அரசுப் படிவங்களைக் கிழித்துப்போட்டு இயக்கம் தொடங்கினார். பதின்வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றவர் அவர். அமெரிக்காவில் எளிய எழுத்துச் சட்டம் கையெழுத்தான 2010 அக்டோபர் 13-ஐ ஒட்டித்தான், ஆண்டுதோறும் அக்டோபர் 13 பன்னாட்டு எளிய மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. தெளிவான ஆவணங்களுக்கு அங்கெல்லாம் விருதும் முத்திரையும் கொடுக்கிறார்கள்.

இங்கே ஆண்டு விழாவில் லீவே போடாதவருக்குக் கேடயம் கொடுத்தோம். நானும் கைதட்டினேன். சிஸ்டரின் பெயரை யாரும் கூப்பிடவில்லை. அவருடைய வேலையின் பலன் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் காரணம். திரும்பி வராத நோயாளியை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

உங்கள் வங்கியிலும் தாலுகா ஆபீஸிலும் பள்ளியிலும் இப்படி ஒருவர் இருப்பார். படிவத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் எந்த மேஜைக்குப் போய் நிற்கிறார்கள் என்று ஒருநாள் கவனியுங்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். சால்வை போர்த்துவது நல்லதுதான், ஆனால் அது பத்தாது. புதுப் படிவம் அச்சுக்குப் போகுமுன் அவர் கண்ணில் பட வேண்டும். அதற்கு வேலை நேரத்திலேயே வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக் கொடுங்கள். சம்பள உயர்வு பார்க்கும்போது இதையும் வேலையாகக் கணக்கெடுங்கள். ‘உனக்குத்தான் நல்லா வருதே’ என்று இருக்கிற சுமையின் மேல் இதையும் ஏற்றிவிட்டால் ஆறு மாதத்தில் அவர் ஓய்ந்துபோவார். அப்படி ஓய்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன், ஒத்துக்கொண்டார்கள். புது டிஸ்சார்ஜ் தாளின் கீழ் ஓரத்தில் ‘எழுதியவர்’ என்று சிஸ்டரின் பெயர் வருகிறது. அவரிடம் சொன்னபோது, “பேரெல்லாம் எதுக்கு சார்? எழுத்தைக் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்லுங்க, வயசானவங்களுக்குத் தெரியல” என்றார். 14 அளவில் போடச் சொல்லியிருக்கிறோம். பெயரும் இருக்கிறது.