சென்னை–யாழ்ப்பாணம்: 42 நிமிடக் கணக்கு ஏன் பலிப்பதில்லை?

சென்னை மீனம்பாக்கமும் யாழ்ப்பாணத்துப் பலாலியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. அதனால் இடையிலுள்ள வான்தூரத்தைக் கால்குலேட்டர் இல்லாமலே போட்டுவிடலாம். சென்னை விமான நிலையம் 13 பாகை வடக்கு, பலாலி 9.8 பாகை. வித்தியாசம் 3.2. ஒரு பாகை அட்சரேகைக்கு 60 கடல் மைல் என்பதால் மொத்தம் 192 கடல் மைல், அதாவது சுமார் 355 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கோவைக்குப் பறப்பதே இதைவிட அதிக தூரம்.

இந்தத் தடத்தில் ஓடுவது ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானம். முழு வேகத்தில் மணிக்கு 510 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் 42 நிமிடம்தான் வருகிறது. டிக்கெட்டிலோ ஒன்றேகால் மணி நேரம் போலப் போட்டிருக்கிறது. மிச்ச அரை மணி நேரம் எங்கே போகிறது?

முதலில், டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு வைத்த முட்டுக்கட்டையை எடுத்துக் கிளம்புவதிலிருந்து, அங்கே போய் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரையான நேரம் அது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். சென்னை மாதிரி நெரிசலான இடத்தில் இதற்கே கால் மணி நேரம் எளிதாகப் போய்விடும்.

அப்புறம், அந்த 510 என்பது உயரே போய்ச் சமநிலையில் பறக்கும்போது கிடைக்கும் வேகம். மேலேறும்போது ஏடிஆர் மணிக்கு 315 கிலோமீட்டர் அளவில்தான் நகரும். இறங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 17,000 அடியில் பறந்தால், பலாலிக்கு 51 கடல் மைல் முன்பே, இன்னும் கடல் மேல் இருக்கும்போதே, மூக்கைத் தாழ்த்தியாக வேண்டும். ஏற்றமும் இறக்கமும் போக, முழு வேகத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய பாதித் தூரம்தான்.

எனக்குப் பிடித்த சிக்கல் ஓடுதளத்தின் திசை. சென்னையின் பிரதான ஓடுதளத்துக்கு 07 என்றும் 25 என்றும் பெயர். பத்தால் பெருக்கினால் காந்த வடக்கிலிருந்து அது திரும்பியிருக்கும் கோணம் கிடைக்கும்: ஒரு முனையிலிருந்து கிளம்பினால் 70 பாகை, மறுமுனையிலிருந்து 250. யாழ்ப்பாணம் இருப்பதோ 180 பாகையில், நேர் தெற்கே! கிளம்பி, ஏறி, திரும்பித்தான் பாதையைப் பிடிக்க வேண்டும். பலாலியிலும் ஓடுதளம் வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும் என்பதால், தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து வரும் விமானத்துக்குப் பெரிய சுற்று இல்லை. வாடைக்காற்றுக் காலத்தில் குடாநாட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும்.

சரி, ஜெட் விமானம் விட்டால் என்ன? சென்னை–டெல்லி சுமார் 1,760 கிலோமீட்டர், இதைப்போல ஐந்து மடங்கு. நேரம் இரண்டே முக்கால் மணிதான். ஜெட்டின் வேகம் அங்கே பலிக்கிறது. இந்தக் குட்டைத் தடத்தில் உச்ச வேகத்தைத் தொட்டதுமே இறங்கச் சொல்லிவிடுவார்கள். மிச்சமாவது சில நிமிடங்கள், செலவாவது கூடுதல் எரிபொருள்.

சில நாள் பத்து நிமிடம் முன்னதாகவே போய் இறங்குவதும் உண்டு. பைலட் விரட்டி ஓட்டினார் என்று பக்கத்து இருக்கைக்காரர் பாராட்டுவார். அநேகமாக மீனம்பாக்கத்தில் அன்றைக்கு வரிசை இருந்திருக்காது.