வெயிலில் நிற்கும் தேக்கில் வார்னிஷ் ஏன் உரிகிறது?

மதுரையில் ஆவணி மூல வீதி, மாசி வீதிப் பக்கம் மிச்சமிருக்கும் பழைய வீடுகளின் தேக்குக் கதவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நிழல் விழும் மேல்பாதி நன்றாகவே இருக்கும். கீழே ஒரு முழ உயரத்துக்கு வார்னிஷ் செதில் செதிலாகக் கிளம்பி, சாம்பல் நிற மரம் தெரியும். பெயிண்டர் வந்து உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து, மேலே இன்னொரு கோட் அடித்துவிட்டுப் போவார். அடுத்த கத்திரி வெயிலுக்கு அதுவும் உரியும். கடைக்காரன் போலி வார்னிஷ் கொடுத்துவிட்டான் என்று திட்டுவோம். பெரும்பாலும் பழுது வார்னிஷில் இல்லை, அதற்கு அடியில் இருக்கிறது.

மரத்தின் செல்லுலோஸ் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருள் லிக்னின். மரத்தின் எடையில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் வரை அதுதான். சூரியனின் புற ஊதாக் கதிரை லிக்னின் நன்றாக உறிஞ்சும், உறிஞ்சியதும் உடையும். கதிர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம்கூடப் போவதில்லை. ஆனால் வார்னிஷ் பற்றிக்கொண்டு நிற்பதே அந்த மெல்லிய மேற்தோலில்தானே! வார்னிஷ் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் கதிர் அதைக் கடந்து போய் லிக்னினைச் சிதைக்கிறது. பிடிமானம் போன பின் வார்னிஷ் வெறும் தோலாகத் தொங்குகிறது. பெயிண்டில் உள்ள நிறமிகள் கதிரை மறித்துவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. மரத்தின் அழகும் தெரிய வேண்டும், வெயிலும் தாங்க வேண்டும் என்று ஆசைப்படுவதால் வரும் வினை இது.

அடுத்தது தண்ணீர். மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். 20 சென்டிமீட்டர் அகலத் தேக்குப் பலகையில் ஈரப்பதம் 5 சதவீதம் கூடினால், அறுத்த விதத்தைப் பொறுத்து அகலம் 2 மில்லிமீட்டர் வரை கூடலாம். நீளவாக்கில் மாற்றம் இல்லை என்றே சொல்லலாம். பலகையின் முகத்தைவிட, நார்கள் குறுக்கே அறுபட்டிருக்கும் வெட்டுமுனை பல மடங்கு வேகமாக நீரைக் குடிக்கும். நம் வீட்டு நிலைக்கால்களின் அடிமுனைக்கோ தினமும் காலையில் வாசல் தெளிக்கும் தண்ணீர் தவறாமல் கிடைக்கிறது. முன்பக்கம் எத்தனை கோட் அடித்தாலும் ஈரம் அடிவழியே ஏறி, வார்னிஷைப் பின்னாலிருந்து தள்ளும்.

இதைப் படகுக்காரர்கள் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். மதுரைக்காரர்களுக்கு நீரில் மிதக்கும் மரவேலை என்றால் வண்டியூர்த் தெப்பம்தான் நினைவுக்கு வரும். கடலோர ஊர்களில் பழைய மோட்டார் சொகுசுப் படகுகளின் கைப்பிடிக் கட்டை, ஜன்னல் சட்டம், விளிம்புக் கட்டை எல்லாம் தேக்கு. அவற்றைப் புதுப்பிக்கும்போது முடிந்தவரை கழற்றிவிடுவார்கள். ஈரம் நுழைவது திருகாணித் துளை வழியாகவும் கட்டைக்குப் பின்னாலும். எவர்சில்வர் திருகாணிகூட, காற்றுப் படாத ஈரத்தில் அடைந்து கிடந்தால் அரித்துப்போகும்.

திருகாணியின் தலையை ஒரு சிறு மரத்தக்கை மூடியிருக்கும். தக்கையின் நடுவில் மெல்லிய துளை போட்டு, சின்ன ஸ்குரூ ஒன்றை உள்ளே முடுக்குவார்கள். ஸ்குரூவின் முனை கீழே உள்ள உலோகத் தலையில் முட்டியதும் அதற்கு மேல் இறங்க முடியாது. மேலும் திருகத் திருக, தக்கை தானாகவே மேலே ஏறி வந்துவிடும். உளியால் நோண்டினால் துளையின் வாய் சிதறும், இதில் கீறல்கூட விழாது. திரும்ப மாட்டும்போது பின்புறமும் துளைகளும் நீர் புகாமல் தடுக்கும் சீலண்ட் பசை வைத்து அடைக்கப்படும்.

வீட்டு நிலையைக் கழற்ற வேண்டியதில்லை. மர ஆணி அறைந்த மூட்டுகளைத் தொடவே வேண்டாம். கதவைக் கீலிலிருந்து இறக்கி, தாழ்ப்பாள், வளையம் எல்லாவற்றையும் எடுத்தால் போதும். இரும்பு ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை இருக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல்தான்: மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. ஆக்சாலிக் அமிலக் கரைசல் இதை எடுக்கும். அது விஷம், கையுறை கட்டாயம், பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். சுட்டு உரிக்கவோ, தூள் பறக்கத் தேய்க்கவோ கூடாது.

சாம்பல் படலம் போய்ப் பொன்னிற மரம் வரும் வரை சுரண்டுவதுதான் வேலையில் பாதி. தேக்கின் இயல்பான எண்ணெய் வார்னிஷைக் காயவிடாது என்பதால், அடிக்கும் முன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைப்பது நல்லது. பிரெஞ்சு பாலிஷ் வெளிக்கதவுக்கு ஆகாது, அது அரக்கில் செய்தது, நீர் பட்டால் வெளுக்கும். பாய்மரக் கம்பங்களோடு சேர்ந்து வளையும்படி உருவான, எண்ணெய் மிகுந்த ஸ்பார் வார்னிஷ்தான் இதற்குச் சரி. முதல் கோட் தின்னர் கலந்து நீர்க்க, அப்புறம் மெல்லிய ஆறேழு கோட், வெட்டுமுனைக்கு இன்னும் கூடுதலாக.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது, ஈர வார்னிஷில் புழுதி ஒட்டாமல் இருக்குமா? ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் காயாது. தை, மாசி சௌகரியம். அப்போதும் காலை வெயிலில் ஆரம்பிக்காதீர்கள். மரம் சூடேறும்போது நுண்துளைக் காற்று விரிந்து வார்னிஷில் குமிழ் விடும். வெயில் தாழ்ந்து மரம் குளிரும்போது அடித்தால் வார்னிஷ் உள்ளே இழுக்கப்படும்.

ஸ்பார் வார்னிஷில் புற ஊதாக் கதிரைப் பிடித்து வெப்பமாக்கும் பொருட்கள் சேர்ந்திருக்கும். அவையும் நாளடைவில் தீரும். அதனால் பளபளப்பு மங்கத் தொடங்கியதுமே லேசாகத் தேய்த்து ஓரிரு கோட் ஏற்றிவிட வேண்டும். உரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த இடத்தை மறுபடி மரம் வரை சுரண்ட வேண்டியதுதான்.